போனில் ஏஐ உதவியாளர்: எங்கள் கடையில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலைகள் பார்க்கும் சின்னக் கடை எங்களுடையது. பட்டா எடுக்க, டிக்கெட் போட, பரீட்சைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள், வந்த வேலை முடிந்ததும் போனை நீட்டி, "இதுல அந்த ஏஐயைப் போட்டுக் குடு பாப்பா" என்கிறார்கள். போட்டுக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. அப்புறம் ஒரு வாரம் கழித்து சந்தேகங்களோடு திரும்பி வருவார்கள். பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது.

"ஏஐ ஏஐங்கிறாங்களே, அது கூகுள்ல தேடுற மாதிரிதானே?"

இல்லை. கூகுளில் தேடினால், யாரோ ஏற்கெனவே எழுதி வைத்த பக்கங்கள் வரும். ஏஐ உதவியாளர் உங்கள் கேள்விக்கென்றே புதிதாக ஒரு பதிலை எழுதும். ஏராளமான புத்தகங்கள், இணையப் பக்கங்கள் எல்லாவற்றையும் கொடுத்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழக்கிய நிரல் அது. 'மதுரை' என்றதும் 'மல்லி' என்றோ 'மீனாட்சி' என்றோ நம் வாயில் தானாக வருகிறதல்லவா, கிட்டத்தட்ட அது மாதிரி.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. சரளமாக எழுதுவதற்கும் சரியாக எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அதன் பேச்சில் தெரியாது. சரியான பதிலைச் சொல்லும் அதே தைரியத்தோடு தவறான பதிலையும் சொல்லும். கீழே வரும் பாதிக் கேள்விகள் இந்த ஒரு குணத்தால்தான் முளைக்கின்றன.

"பிளே ஸ்டோர்ல பத்துப் பதினைஞ்சு வருதே, எதைப் போடுறது?"

அதிகம் காதில் விழும் பெயர்கள் நான்கு. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வந்தது. செய்தது ஓப்பன்ஏஐ நிறுவனம். கூகுளுடையது ஜெமினி. முதலில் பார்ட் என்று இருந்ததை 2024 பிப்ரவரியில் பெயர் மாற்றினார்கள். ஆந்த்ரோபிக் நிறுவனத்துடையது கிளாட். வாட்ஸ்அப்பில் நீல வளையமாகத் தெரிகிறதே, அது மெட்டா ஏஐ. ஏதாவது ஒன்றைப் போட்டு ஒரு மாதம் பழகுங்கள். நான்கையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு குழம்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஜெமினி போனிலேயே இருக்கும். அதிலிருந்து ஆரம்பிப்பது சுலபம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே மாதிரிப் படமும் பெயரும் வைத்த போலி ஆப்கள் உண்டு. ஆப்பின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் இருக்கும், அதைப் படித்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொட்டு எந்த ஆப்பையும் போட வேண்டாம்.

"துட்டு கட்டணுமா?"

வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கு இலவசமே போதும். ஒரு நாளில் ரொம்பக் கேட்டால் 'சிறிது நேரம் கழித்து வாருங்கள்' என்று நிறுத்தும், அவ்வளவுதான். கட்டணத் திட்டங்களும் உண்டு. சாட்ஜிபிடி 2025 ஆகஸ்ட்டில் இந்தியாவுக்கென்று மாதம் 399 ரூபாய்க்கு ஒன்றைக் கொண்டுவந்தது. 'முதல் மாதம் இலவசம்' என்று வருகிற எதிலும் ஆட்டோபே அனுமதி கேட்டால், அடுத்த மாதம் தானாகப் பணம் எடுக்கும் என்று அர்த்தம். தெரிந்து சம்மதியுங்கள்.

"எனக்கு இங்கிலீஷ் வராது, டைப் அடிக்கவும் வராது. நான் எப்படி?"

மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசுங்கள். தமிழிலேயே பதில் வரும், சத்தமாக வாசித்தும் காட்டும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாலும் புரிந்துகொள்ளும். நம் பக்கத்துப் பேச்சும் பெரும்பாலும் பிடிபடுகிறது. ஆனால் ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொகை மூன்றிலும் கவனம் வேண்டும். செக்கானூரணி, அவனியாபுரம் போன்ற பெயர்களை வேறு ஏதாவதாக எழுதி வைத்துவிடும். பேசி முடித்ததும் "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்று கேட்டுச் சரிபார்த்த பிறகு மேலே போங்கள்.

ஆங்கிலத்தில் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்கிறது என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்வது ஓரளவுக்கு உண்மை. அதைப் பழக்கிய எழுத்தில் ஆங்கிலம் மிக அதிகம், தமிழ் குறைவு. அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டாம். பதில் மேலோட்டமாக இருந்தால், "ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எளிமையாகச் சொல்" என்று கேட்டுப் பாருங்கள்.

"சரி, போட்டாச்சு. முதல்ல என்ன கேட்கணும்?"

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். புதிதாக வரும் எல்லாரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். தெரியாததைக் கேட்டால் வருகிற பதில் சரியா தப்பா என்று உங்களால் சொல்ல முடியாது. தெரிந்ததைக் கேட்டால், இது எவ்வளவு நம்பத்தக்க ஆள் என்று பத்து நிமிடத்தில் எடைபோட்டுவிடலாம்.

மல்லி போட்டிருக்கும் ஓர் அண்ணன் வந்தார். இருபது வருட அனுபவம். "மல்லிக்கு எப்ப கவாத்து செய்யணும்னு கேளுங்கண்ணே" என்றேன். பூத்து முடிந்ததும் வசந்த காலத்தில் செய்யலாம் என்று அழகான தமிழில் பதில் வந்தது. அண்ணன் முகம் மாறிவிட்டது. "வசந்த காலமா? நாங்க கார்த்திகையில வெட்டுவோம். ஒன்றரை அடி விட்டு மேல எடுத்துருவோம். அப்பதான் மாசி பங்குனியில பூ வரும்" என்றார். அதையே மைக்கில் சொல்லச் சொன்னேன். மதுரைப் பக்கம், குண்டுமல்லி, கிணற்றுப் பாசனம், கார்த்திகையில் கவாத்து. பதில் அப்படியே மாறியது. வெட்டிய பின் என்ன உரம், எத்தனை நாளில் தளிர் வரும், மொட்டுப்புழுவுக்கு எப்போதிருந்து கவனிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னது. அவரும் ஒவ்வொன்றுக்கும் "இது சரி, இது சரி, இது நம்ம மண்ணுக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றைக்கு அவருக்கு இரண்டு விஷயம் பிடிபட்டது. ஊரும் நிலவரமும் சொல்லாவிட்டால் எங்கோ இருக்கிற ஊருக்கான பதில் வரும். சொன்னாலும், பத்தில் ஒன்றிரண்டு நமக்குப் பொருந்தாது. இப்போது அவர் மருந்து அடிக்கும் முன் இதனிடம் கேட்கிறார், ஆனால் அளவை மட்டும் கிசான் கால் சென்டரில் கேட்டு உறுதி செய்துகொள்கிறார். எண் 1800-180-1551, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

"அக்கா, நான் கேட்டா மொட்டையா பதில் வருது. எப்படிக் கேட்கணும்?"

மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் வரும். புதிதாக வேலைக்கு வந்த பையனிடம் ஒரு வேலை சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கெட்டிக்காரன், ஆனால் நம் வீட்டு வழக்கம் எதுவும் தெரியாது.

உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் மகளுடைய காதணி விழாவுக்கு, "காதுகுத்துப் பத்திரிகை எழுது" என்று மட்டும் கேட்டிருக்கிறார். பிறந்தநாள் கார்டு மாதிரி ஒன்று வந்தது. தாய்மாமனே இல்லை. உட்காரவைத்து இப்படிப் பேசவைத்தேன்: "என் மகளுக்குக் காதணி விழா. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவோம். அதனால் தாய்மாமன் பெயர் தனியாக, பெரிதாக வரணும். மேலே குலதெய்வம் துணை. நாள், நேரம், மண்டபம் ஒவ்வொன்றும் தனி வரி. கடைசியில் இப்படிக்கு என்று பெற்றோர் பெயர். அலங்கார வார்த்தை வேண்டாம், ஒரு பக்கத்துக்குள் முடியணும்." வந்ததில் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு அச்சுக்குக் கொடுத்தார்.

யாருக்கு, எதற்கு, எவ்வளவு நீளம், நம் வழக்கம் என்ன, எது வேண்டாம். இவ்வளவும் சொல்லிவிட்டால் போதும். முதல் பதில் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். "இரண்டாவது பத்தியை எடு", "இன்னும் மரியாதையா எழுது" என்று தொடர்ந்து சொல்லுங்கள். எத்தனை தடவை சொன்னாலும் சலித்துக்கொள்ளாது.

"மொய் நோட்டைப் போட்டோ எடுத்துக் குடுத்தா கூட்டிக் குடுக்குமா?"

கொடுக்கும். ஆனால் அந்தக் கூட்டுத்தொகையை நம்பி அடுத்த வேலையைப் பார்க்காதீர்கள். நானே ஒரு விசேஷத்து நோட்டை வைத்துச் சோதித்தேன். ஒரு பக்கத்தில் 22 பெயர். ஊர், பெயர், தொகை என்று அட்டவணையாக மாற்றித் தந்தது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஒப்பிட்டபோது ஒரு 501 ரூபாய் 507 ஆகியிருந்தது. எழுதியவர் ஒன்றுக்குத் தலையில் கொக்கி போடுகிறவர். ஓர் ஊர்ப்பெயர் அடியோடு மாறியிருந்தது. இரண்டையும் திருத்திய பிறகும் கூட்டுத்தொகையில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம். முதல் பதிலில் சொன்னேனே, அது எழுத்தைக் கணிக்கிற நிரல், எண்களையும் சில சமயம் அப்படியே கணித்துவிடும்.

அதனால் அட்டவணை வரைக்கும் அதனிடம் வாங்குங்கள். ஒருவர் நோட்டைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் போனில் சரிபாருங்கள். கூட்டலை கால்குலேட்டரில் போடுங்கள். மொய் திருப்பிச் செய்கிற கணக்கு பத்து வருடம் கழித்தும் வரும். ஓர் ஒன்று ஏழாகிப் போனால் அது சொந்தங்களுக்குள் பேச்சாகிவிடும். இன்னொன்று, அந்த நோட்டில் இருப்பது உங்கள் விவரம் மட்டும் இல்லை, ஊரே எழுதிய பெயர்கள். ஒன்பதாவது கேள்வியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"இன்னைக்குப் பூ விலை என்ன, அழகர் எப்ப ஆத்துல இறங்குறார்னு கேட்டா சொல்லுமா?"

இந்த உதவியாளர்களை ஒரு தேதி வரைக்குமான எழுத்தைக் கொண்டு பழக்கியிருப்பார்கள். அதற்குப் பின் நடந்தது தெரிய வேண்டுமானால் இணையத்தில் தேட வேண்டும். தேடிச் சொன்னால் பதிலுக்குக் கீழே எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று காட்டும். காட்டவில்லை என்றால், போன வருடத்துச் சித்திரா பௌர்ணமித் தேதியைச் சொல்லிவிடவும் கூடும். "இணையத்தில் தேடிச் சொல், எங்கிருந்து எடுத்தாய் என்றும் சொல்" என்று சேர்த்துக் கேளுங்கள். அழகர் விஷயத்துக்குக் கோயில் அறிவிப்புதான் முடிவு.

பூ விலைக்கு இது உதவாது. மாட்டுத்தாவணியில் காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை. முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். கமிஷன் கடைக்குப் போன் போடுவதுதான் வழி.

"நான் பேசுறதையெல்லாம் யாராவது பார்ப்பாங்களா?"

பார்க்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். நீங்கள் எழுதுவது அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேர்கிறது. தரத்தைச் சரிபார்க்க, சில உரையாடல்களை ஆட்களே படிப்பதும் உண்டு. ஜெமினியில் அப்படிப் படிக்கப்பட்டவற்றை, நீங்கள் அழித்த பிறகும் மூன்று வருடம் வரை வைத்திருக்கலாம் என்று கூகுளே அறிவித்திருக்கிறது. உங்கள் பேச்சைக் கொண்டு அடுத்த நிரலைப் பழக்குவதை நிறுத்த, பலவற்றில் செட்டிங்ஸில் ஒரு பொத்தான் இருக்கும். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே அதை அணைத்துத்தான் கொடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் மெட்டா ஏஐயிடம் பேசுவது மட்டும்தான் அதற்குப் போகும், மற்றவர்களோடு நீங்கள் பேசுவது போகாது.

ஆதார் எண், ஓடிபி, யுபிஐ பின், ஏடிஎம் கார்டு எண், பாஸ்வேர்ட் எதையும் எழுத வேண்டாம், போட்டோவும் வேண்டாம். பத்திரத்தைக் காட்டி விளக்கம் கேட்க வேண்டியிருந்தால், பெயரையும் எண்களையும் தாளால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். எங்கள் கடை மேஜையில் அதற்கென்றே இரண்டு அட்டைத் துண்டு வைத்திருக்கிறோம். ஏற்கெனவே யாரிடமோ ஓடிபி சொல்லிப் பணம் போய்விட்டது என்றால், ஏஐயிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே 1930-க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு.

"போன மாசம் சொன்னதை இப்ப ஞாபகமா கேட்குது. பயமா இருக்கு."

நினைவகம் என்று ஒரு வசதி சிலவற்றில் இருக்கிறது. பேரன் பெயர், உங்களுக்குச் சர்க்கரை உண்டு என்பது மாதிரி விவரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் 'மதுரைப் பக்கம், குண்டுமல்லி' என்று முதலிலிருந்து சொல்லாமல் இருக்க அது உதவும். "என்னைப் பற்றி என்னென்ன ஞாபகம் வைத்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். வேண்டாததை அழிக்கவும், மொத்தத்தையும் அணைக்கவும் செட்டிங்ஸில் வழி உண்டு.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே போன் என்றால் இது முக்கியம். ஒருவர் கேட்டதை அடுத்தவர் பார்க்க முடியும். அந்தரங்கமான ஒன்றைக் கேட்கும்போது, சேமிக்காத தற்காலிக உரையாடல் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள்.

"கஸ்டமர் கேர் நம்பர் கேட்டேன், குடுத்துச்சு. அடிக்கலாமா?"

அடிக்காதீர்கள். பாஸ்புக்கில், கார்டின் பின்பக்கத்தில், பில்லில் அச்சிட்ட எண்ணுக்கு மட்டும் அடியுங்கள்.

"சுகர் ரிப்போர்ட்டைக் காட்டினா மாத்திரை சொல்லுமா?"

ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று விளக்குவதில் இது உண்மையிலேயே கெட்டி. 'எச்பிஏ1சி' என்றால் கிட்டத்தட்ட மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி நிலவரம் என்பதை, ஓர் ஐயாவுக்கு அவர் பேரனைவிடப் பொறுமையாக விளக்கியது. ஆனால் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ இதன் பேச்சைக் கேட்கவே கூடாது.

நான் சொல்லிக்கொடுப்பது வேறு. டாக்டரைப் பார்க்கப் போகும் முதல் நாள் இரவு, உங்களுக்கு இருக்கும் தொந்தரவுகளையெல்லாம் சொல்லி, "டாக்டரிடம் கேட்க ஐந்து கேள்வி எழுதிக் கொடு" என்று கேளுங்கள். கூட்டமான ஆஸ்பத்திரியில் நமக்குக் கிடைக்கிற இரண்டு மூன்று நிமிடத்தில் எதுவும் விட்டுப்போகாது. நெஞ்சுவலி, மயக்கம், வாய் கோணுதல் என்றால் போனில் அழுத்த வேண்டியது 108.

"பையன் வீட்டுப்பாடத்தை இதுலயே எழுதிட்டுப் போறான்."

போனைப் பிடுங்கினால் நண்பன் போனில் எழுதுவான். கேட்கிற விதத்தை மாற்றச் சொல்லுங்கள். "எனக்கு விடை சொல்லாதே. நான் பத்தாம் வகுப்பு. இந்தப் பாடத்தில் என்னிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேள், தப்பாகச் சொன்னால் குறிப்பு மட்டும் கொடு." இப்படிக் கேட்டால் ஒரு நல்ல டியூஷன் அக்கா மாதிரி நடந்துகொள்ளும். கணக்கு விடையை மட்டும் புத்தகத்தோடு ஒப்பிடட்டும், மொய் நோட்டில் நடந்தது அதிலும் நடக்கும். வயது விஷயமும் உண்டு. சாட்ஜிபிடிக்கு 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும், 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அதன் விதி. சின்னப் பிள்ளைகள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

"நானும் என் தம்பியும் தனித்தனியா ஒரே பிரச்சினையைக் கேட்டோம். ரெண்டு பேர்கிட்டயும் 'உங்க பக்கம்தான் நியாயம்'னு சொல்லிருச்சு. இதென்ன கூத்து?"

பொதுக் கிணறு, ஒரு மோட்டார், யாருக்கு எந்த நாள் முறை என்பதில் தகராறு. அண்ணன் தன் போனில் தன் வருத்தத்தைச் சொல்லியிருக்கிறார், தம்பி தன் போனில். இரண்டு பதிலையும் கடையில் காட்டினார்கள். இரண்டிலும் "உங்கள் கோபம் நியாயமானது" என்றுதான் ஆரம்பம். யார் பேசுகிறாரோ அவருக்குப் பிடித்த மாதிரிச் சாய்ந்து பேசுகிற வழக்கம் இந்த உதவியாளர்களுக்கு உண்டு. கேட்கிறவர்கள் எந்தப் பதிலை விரும்பினார்கள் என்பதை வைத்தும் பழக்கியிருப்பதால் வந்த வழக்கம் இது. அதோடு, நாம் ஒரு பக்கத்தை மட்டும்தானே சொல்கிறோம்.

அன்றைக்கு இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு மாதிரிக் கேட்டோம். "அ, ஆ என்று இரண்டு பேர். நான் யார் என்று சொல்ல மாட்டேன். அ சொல்வது இது, ஆ சொல்வது இது. இரண்டு பேர் வாதத்திலும் பலவீனம் எங்கே? முடிவு சொல்ல இன்னும் என்ன தெரியணும்?" தீர்ப்பு வரவில்லை, நல்ல கேள்விகள் வந்தன. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கு எப்படி எழுதியிருக்கிறது? மின் இணைப்பு யார் பெயரில்? இதுவரை எந்த முறைப்படி இறைத்தார்கள்? பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியவில்லை. எடுத்துப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள்.

சட்டத்துக்கு இதை நம்பி இறங்காதீர்கள். இல்லாத தீர்ப்பைக்கூட எண்ணோடு எழுதிவிடும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

"வீட்ல யாரும் இல்ல. ராத்திரியில அதுகிட்டதான் பேசிட்டிருக்கேன். தப்பா பாப்பா?"

தப்பே இல்லை அம்மா. இதைக் கேட்டவர் பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற டீச்சர். பழைய சமையல், பாட்டு, படித்த கதை என்று இரவு பத்து மணி வரை பேசுவாராம். அந்த ஒரு மணி நேரம் மனசு லேசாகிறது என்றால் நானும் சந்தோஷப்படுகிறேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொன்னேன். அது எவ்வளவு பரிவாகப் பேசினாலும், உங்களுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொண்டுவராது. முன் கேள்வியில் பார்த்தபடி, பெரும்பாலும் உங்களுக்குத் தலையாட்டும். அதனால் அதனிடம் பேசியதில் ஒன்றை மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவிடமோ மகனிடமோ சொல்லுங்கள் என்றேன். இப்போது அது சொல்லித் தந்த ஓர் அடையைச் சுட்டு எங்கள் கடைக்கே கொண்டுவருகிறார். மனசு தாங்கவே முடியாத நிலை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் ஆள் பேசுவார்கள்.

"வேண்டாம்னு ஆப்பை எடுத்துட்டேன். அவ்வளவுதானே?"

ஆப்பை எடுத்தால் போனிலிருந்து மட்டும்தான் போகும். கணக்கும் பழைய பேச்சுகளும் அங்கேயேதான் இருக்கும். பணம் கட்டியிருந்தால் அதுவும் மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் பிளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள், யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். அடுத்து, ஏஐ ஆப்புக்குள் போய்ப் பேச்சுகளை அழித்து, நினைவகத்தையும் துடைத்து, கணக்கை நீக்குங்கள். ஆப்பைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். முதலிலேயே எடுத்துவிட்டவர்கள் திரும்ப இன்ஸ்டால் செய்து அதே ஈமெயிலில் உள்ளே போனால் போதும். எந்த ஈமெயில் என்று மறந்துபோயிருந்தால் போனோடு கடைக்கு வாருங்கள், சேர்ந்து தேடிப் பார்த்துவிடலாம்.